இருநூற்று நாற்பதில் கேட்ட என்ஜின்

"பொட்டிக்காரருக்கு மைக்கு எதுக்குங்க? வவுத்துச் சத்தமே சித்தூரு வரைக்கும் கேக்குதே!"

அர்த்தநாரியின் மகளுக்குச் சீர் நடந்த அன்று, பந்தலில் பசியோடு குந்தியிருந்த காளிச்சாமியைப் பார்த்துப் பழனாத்தாள் இப்படிச் சொன்னாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாடகைக்கு வந்திருந்த அவனுடைய டேப் ரிக்கார்டர், பேச்சையும் சிரிப்பையும் ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டது. நாடாவை ஓடவிட்டபோது "மணி நாலு" என்று மைக்கில் அவன் சொல்லியிருந்தான்; அது அவன் வழக்கம். சரியாக ஒரு மணி நேரத்தில் நாடா தீர்ந்தது.

அடுத்த வாரம் முழுவதும் அர்த்தநாரி அவனை வரவழைத்து அதைப் போடச் சொன்னார். எந்தப் பாட்டைக் கேட்டார்களோ இல்லையோ, அந்த வயிற்றுப் பேச்சை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தன்னைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பைத் தானே விசையை அழுத்தி ஓட்டிக் காட்டவேண்டியிருந்த காளிச்சாமி, அவர்களோடு சேர்ந்து பல்லைக் காட்டினான்.

அப்படி ஓடிய ஒரு நாளில் அர்த்தநாரி கையை உயர்த்தினார். பாட்டுக்குப் பின்னால் ஆயில் என்ஜின் ஒன்று புறப்படும் ஓசை.

"நிறுத்து! இது என்ன நெம்பரு?"

"இருநூத்தி நாப்பதுங்க" என்றான் காளிச்சாமி, பெட்டியின் எண் சக்கரத்தைப் பார்த்து.

"கடேசி நெம்பரு?"

"அறுநூறுங்க."

கிணறு அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது, என்ஜின்கள் தனித்தனி. தம்பி மாட்டுப்பட்டிப் பால் பண்ணையில் வேலைக்குப் போய்விட்டதால் வெள்ளாமையைப் பார்த்தவள் அவன் மனைவி பழனாத்தாள். நாலரை வரை தண்ணீர் அர்த்தநாரியுடையது. அதன் பிறகு அவளுடையது. சீர் நாளில் அவர் இறைக்கவில்லை என்றாலும், அவர் முறையில் ஊறிய நீர் அவருடையதே. முறை தப்பி இறைத்தவருக்கு அடுத்து மூன்று முறை தண்ணீர் கிடையாது என்பது ஊர்க்கட்டு. பழனாத்தாளின் நெல் அப்போது பால் பிடித்துக்கொண்டிருந்தது.

அறுநூறு எண்ணுக்கு அறுபது நிமிடம் என்றால் இருநூற்று நாற்பதுக்கு இருபத்து நாலு. ஆகவே ஆறு நிமிடத் திருட்டு. மின்சார மீட்டரைப் படிப்பதுபோல அர்த்தநாரி படித்துவிட்டார்.

அது பிழை என்று காளிச்சாமிக்கு அந்தக் கணமே தெரியும். பெட்டியின் எண் சக்கரம் நேரத்தை எண்ணுவதில்லை. இடப்பக்கத்து உருளை எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதையே எண்ணுகிறது. உருளை நிறைந்திருக்கும் தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு நாடா நீளமாக அவிழும்; சுற்று மெதுவாகப் போகும். இளைக்க இளைக்க வேகம் கூடும். பாட்டுகளைத் தேடித் தேடிப் பழகியவன் அவன். இருநூற்று நாற்பதில் அரை மணி கடந்துவிடும் என்பது அவன் விரலுக்கே தெரியும். வாய் மட்டும் திறக்கவில்லை.

மாரியம்மன் கோயில் முன்பு ஊர் கூடியது.

"சித்தூரு பஸ்ஸு பாலத்துல திரும்புனதப் பாத்துட்டுத்தானுங்க என்ஜின் கைப்பிடியச் சுத்துனேன். நாலரைக்கு முன்ன அது என்னைக்குங்க வந்திருக்குது?" என்றாள் பழனாத்தாள்.

"பஸ்ஸு என்ன, உங்கூட்டுக் கடியாரமா புள்ள?" என்றார் அர்த்தநாரி. "நெம்பரு பேசுது. நீ பேசாதே."

அவள் காளிச்சாமியின் பக்கம் திரும்பினாள். "ஏனுங்ணா, மொதல்ல இருந்து ஓட்டுங்களேன். 'மணி நாலு'ன்னு நீங்க சொன்னது அதுல இருக்குதல்ல? கடியாரத்தப் பாத்துட்டே கேக்கட்டுமுங்க, எப்ப என்ஜின் சத்தம் வருதுன்னு."

சரியான வழி அதுதான். அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் போதும். ஊர்ப் பெரியதனக்காரர் அவனைப் பார்த்தார். காலையில்தான் புது பேட்டரி போட்டிருந்த காளிச்சாமி, பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஓட்டலாமுங்க. ஆனா பேட்டரி எறங்கிப்போச்சு. இழுத்து இழுத்து ஓடுமுங்க. கடியாரத்துக்கு ஒத்து வராது. நெம்பரு மட்டும் மாறாதுங்க."

"அப்பறமென்ன?" என்று பெரியதனக்காரர் துண்டை உதறி எழுந்தார். "மூணு முறை தண்ணியில்லை."

"ஆறு நிமிசத்துக்குங்களா?" என்றாள் அவள். அவள் என்ஜினின் கைப்பிடியை அர்த்தநாரி அன்றே கழற்றிக்கொண்டு போனார்.

பழனாத்தாளின் மேட்டு வயல் மூன்றாம் முறை முடிவதற்குள் வெடித்துவிட்டது. பால் வற்றிய கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நின்றன. வேறொரு வீட்டுக்கு ரேடியோ செட்டுக் கட்டப் போன காளிச்சாமி, அவள் நெல்லைத் தீவனத்துக்காக அறுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான். கடந்து போயிருக்கலாம். போக மனமில்லை.

"அம்மிணி, அந்தக் கவுத்தக் குடுங்க" என்றான். கட்டுக்கயிற்றை அவள் கண் முன்னால் வளையமாகச் சுற்றினான். "வெளிச் சுத்து எத்தன நீளம் பாருங்க. உள்ள போகப் போகக் குட்டையாகுது பாருங்க. நம்ம பொட்டி இந்தச் சுத்தத்தானுங்க எண்ணுது, நிமிசத்த இல்ல. இருநூத்தி நாப்பதுன்னா நாலர தாண்டிடும். நீங்க சரியாத்தான் இறைச்சிருக்கீங்க."

கிணற்றடியில் கயிறு சுற்றியே வளர்ந்தவள். இரண்டாம் முறை சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"புது பேட்டரியா?"

"புதுசுதானுங்க."

அவள் கதிர் அரிவாளை வரப்பில் குத்தினாள். "ஊருக்குள்ள வந்து இதச் சொல்லுவீங்களா?"

"சொல்லலாமுங்க. சொன்னா இது பால் பிடிச்சுக்குமுங்களா?" என்று அவன் இதமாகவே கேட்டான். பிறகு தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். அவளுக்கு முதலில் விளங்கவில்லை; விளங்கியபோது வாய் பிளந்து நின்றாள். அவள் அந்தப் பேச்சை என்றோ மறந்திருந்தாள் என்பது அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது.

அவனிடமிருந்து கயிற்றை வாங்கி, அறுத்த தாளைக் கட்டினாள். தலைக்கு ஏற்றிவிட அந்த மேட்டில் வேறு ஆள் இல்லை. அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, அவனைப் பாராமல் குனிந்து நின்றாள். காளிச்சாமி ஒரு கையால் தூக்கினான். நெல்லிருந்தால் இரண்டு ஆள் பிடிக்கவேண்டிய கட்டு அது.