முப்பத்தேழாம் டோக்கன்

எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவது லேசான காரியம் இல்லை. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "சாவி எடுத்தியா? போன் எடுத்தியா? கண்ணாடி?" கேட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். காரில் ஏறிய பிறகு தலை எண்ணுவாள். அன்றைக்கும் எண்ணினாள். நான், என் கணவர், சித்தப்பா, அவள்.

"நாலு பேரு. சரியா இருக்கு. வண்டிய எடுங்க மாப்பிள்ளை."

"நாலு பேரை எண்ண இவ்வளவு நேரமா அண்ணி? நீங்க ரயில்ல கார்டாப் போயிருக்கணும்" என்றார் சித்தப்பா. இந்தக் கிண்டலை ஆரம்பிப்பது எப்போதும் அவர்தான். நாங்கள் கூடச் சேர்ந்து சிரிப்போம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் எண் போட்ட ஒரு பித்தளை டோக்கன் உண்டு. கடலுக்குப் போகும்போது கேட்டில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். படகு வராவிட்டால், பலகையில் எத்தனை டோக்கன் தொங்குகிறதோ அத்தனை பேரைத் தேடுவார்கள்.

முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழை நாள், விடிகாலையில், "கடலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அப்பா. எந்தப் படகு என்று சொல்லவில்லை. அன்று ஒரு படகு திரும்பவில்லை. அம்மா கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். "அவர் டோக்கன் பலகையில இல்லையேம்மா, கடலுக்கே போகல" என்றார் கிளார்க். அது எப்படி இருக்கும்? முப்பத்தாறாம் எண் டோக்கன் எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது. ஐந்து உடல்கள் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் சித்தப்பா வந்து, "அந்தப் படகுலதான் ஏறினாராம் அண்ணி, பார்த்தவங்க சொல்றாங்க" என்று அழுதார். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அவர் கிளம்பும்போதே அலமாரியைத் தான் ஒருதரம் திறந்து பார்த்து டோக்கனைக் கொடுத்திருந்தால் ஆறாவது ஆளையும் தேடியிருப்பார்கள் என்று அம்மா நம்பினாள். அதை யாரிடமும் சொல்லமாட்டாள். வாசலில் நின்று எங்கள் சாவியைக் கேட்பாள்.

துறைமுகம் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. பழையதுக்குப் பெயின்ட் அடித்து, டிக்கெட் போட்டு, பாரம்பரியச் சின்னம் ஆக்கிவிட்டார்கள். அந்தப் படகின் டோக்கன்கள் இன்னும் பலகையிலேயே தொங்குகின்றன என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பிடிவாதம். முப்பத்தாறையும் அவற்றோடு மாட்டவேண்டும்.

சித்தப்பா ஆயிரம் தடை சொல்லிப் பார்த்தார். வெயில் என்றார், முட்டி வலி என்றார். "கூடப் பொறந்தவர் நீங்க இல்லாம எப்படி தம்பி?" என்றாள் அம்மா. அவரால் மறுக்க முடியவில்லை.

அவரைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு அவர் படகில் கால் வைக்கவே இல்லை. அண்ணன் போன துக்கம் என்று ஊரே சொன்னது. துறைமுக ஐஸ் ஃபேக்டரியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். தினமும் என்னை சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். அப்பா முகம் எனக்கு நினைவில்லை. அந்த இடத்தில் சித்தப்பா முகத்தை வைத்துக்கொண்டுதான் வளர்ந்தேன்.

துறைமுகம் போய்ச் சேர்ந்தோம். மீன் ஏலக்கூடத்தில் டைல்ஸ் போட்டிருந்தார்கள். "மீன் வாசனை கூட இல்லையே, டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கலாமா?" என்றார் என் கணவர். ஐஸ் ஃபேக்டரி காபி கடையாகியிருந்தது. அங்கே சித்தப்பா நகரவே இல்லை. மோட்டார் இங்கே, தொட்டி அங்கே, ஐஸ் உடைக்கும் மெஷின் அந்த மூலையில் என்று கதை கதையாகச் சொன்னார். பிறகு டீ வேண்டும் என்றார். பிறகு பாத்ரூம். கேட் இருக்கும் திசைக்கு மட்டும் அவர் கால் போகவில்லை. வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்தேன்.

ஒருவழியாகக் கேட் அறைக்குப் போனோம். கயிறு கட்டி, அதற்குப் பின்னால் பலகையை வைத்திருந்தார்கள். வழிகாட்டிப் பெண் பத்துப் பதினைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த முப்பத்தாறை எடுத்தாள். நான் பலகையில் தொங்கியதை எண்ணினேன். ஐந்து இல்லை. ஆறு.

"இதுல ஒரு வேடிக்கையான கதை இருக்கு" என்றாள் அந்தப் பெண். "அந்தப் படகுக்கு ஆறு டோக்கன் தொங்குச்சு. ஆறு பேரைத் தேடப் போறாங்க. பார்த்தா, முப்பத்தேழாம் நம்பர்காரர் கரையிலேயே நிக்கிறார்! முந்தின நாளே டோக்கன எடுக்க மறந்துட்டேன்னு சொன்னாராம். உடனே ஆறை அஞ்சாக்கிட்டாங்க. எப்பேர்ப்பட்ட ஞாபக மறதி பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முப்பத்தாறு, முப்பத்தேழு. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாவம், மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது.

அம்மா திரும்பினாள். "தம்பி, முப்பத்தேழு உங்களோடது."

சித்தப்பா பலகையைப் பார்த்தபடியே சொன்னார். "மழை பெஞ்சுது அண்ணி. எழுந்திரிக்க மனசு வரல. நான் போகலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. அண்ணனுக்கு அன்னைக்கு முறை இல்ல. அண்ணன்தான், நீ தூங்குடா, உன் டோக்கன்ல நான் போறேன்னு..."

"அப்புறம்?"

"டோக்கன் மாத்திக் குடுத்தது தெரிஞ்சா வேலையே போயிடும். எப்படியும் ஆளு வந்துடுவார்னு நினைச்சேன். சொல்ல வாய் வரல அண்ணி."

மழைக்குப் பயந்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். அவ்வளவுதான். நோயில்லை, நொடியில்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த சைக்கிளில் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு போன கைகள் எனக்கே அருவருப்பாக இருந்தன.

"நான் இந்த கேட்டுல விழுந்து கத்தினேன்" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "ஆளைத் தேடுங்கன்னு கிளார்க் கால்ல விழுந்தேன். நீ எம் பக்கத்துலதானே நின்ன?"

அம்மா அவரை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

"டோக்கன எடுத்துக் குடுக்காம விட்டுட்டேனேன்னு நான் செத்துச் செத்துப் பொழைச்சது உனக்குத் தெரியும். தெரிஞ்சே என்னைக் கிண்டல் பண்ணியிருக்கே."

அம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "அம்மா, தொடக்கூடாது" என்று வழிகாட்டிப் பெண் பதறினாள். நான் குறுக்கே போய் நின்றேன். அம்மா முப்பத்தேழைக் கழற்றி, அந்த ஆணியில் முப்பத்தாறை மாட்டினாள். வெளியே வந்து, கழற்றியதை சித்தப்பாவின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"இந்தா. மறந்துட்டுப் போயிட்டியே."

காருக்கு வந்தோம். சித்தப்பா கேட்டுக்குப் பக்கத்திலேயே, மூடிய கையோடு நின்றார். எங்களையே பார்த்தார். நான் கதவைச் சாத்தினேன். சாவி எடுத்தியா, போன் எடுத்தியா என்று அம்மா கேட்கவில்லை.

என் கணவர் சாவியில் கை வைத்தவர் நிறுத்தினார். "அத்தை, சித்தப்பா இன்னும் ஏறலையே?"

அம்மா என்னைப் பார்த்தாள். என் கணவரைப் பார்த்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள்.

"எண்ணிட்டேன். மூணு பேரு. சரியா இருக்கு. வண்டிய எடுங்க மாப்பிள்ளை."