அவன் சுமந்த பழி

டெனிஸ்ரன் சைக்கிளால் விழுந்து தலை உடைந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவன் மனைவி ஜசிந்தா நண்டு துப்புரவாக்கும் வேலைக்குப் போக, அவனுடைய தமக்கை மேரிஜோசப்பின்தான் பகல் முழுவதும் அவனோடு இருந்தாள். அதற்காகத் தன் கருவாட்டு வியாபாரத்தையே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரி வாட்டிலும் இதே கதையைத்தான் ஜசிந்தா கண்டிருந்தாள். தலையில் அடிபட்டவர்கள் எட்டுப் பேர் கிடந்தார்கள். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் வேலையை விட்டு வந்த ஒருத்தி இருந்தாள்.

மேரிஜோசப்பின் வராவிட்டால் ஜசிந்தாவின் வேலை போகும். பிறகு வீட்டில் அடுப்பு எரியாது.

மேரிஜோசப்பின் அன்பான மனிசிதான். சோற்றைக் குழைத்துத் தம்பிக்குத் தீத்துவாள். அவன் உடுத்த சாரத்தை நனைத்தால் முகம் சுளிக்காமல் மாற்றிவிடுவாள். ஆனால் வாய் மட்டும் சும்மா இராது.

"மச்சான் பிரான்சில இருந்து ஹெல்மெட் அனுப்பினவர். அதைப் போட உனக்கு வெக்கம். இப்ப கோப்பை பிடிக்க ஏலுதோ உனக்கு?"

அவனுக்குப் பேச்சு அவ்வளவாக விளங்காது. ஏசுகிறாள் என்பது மட்டும் விளங்கும். களவெடுத்து அகப்பட்டவன்போலக் குனிந்துகொண்டு, "பிழை, பிழை" என்பான். அந்த ஒரு சொல்தான் அவனுக்குத் தெளிவாக வரும்.

ஜசிந்தாவுக்கோ அது நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அவர்களுடைய தீவில் வெளிநாட்டுச் சாமான் வந்தால் பாவிக்கமாட்டார்கள். பொலித்தீனும் கழற்றாமல் கண்ணாடி அலுமாரியில் வைப்பார்கள். டெனிஸ்ரன் அப்படி வைக்கவில்லை. அல்லைப்பிட்டிக் கரையில் மீன் வாங்கி, பெட்டியைக் கரியரில் கட்டி, தலைக்கவசமும் போட்டுக்கொண்டு பண்ணைப் பாலத்தால் பட்டணத்துக்கு விற்கப் போகத் தொடங்கினான். மீன் மணம் ஏறிவிடும், பெருநாளுக்கு அதை அனுப்பிய தன் தமையன் வந்தால் என்ன நினைப்பார் என்று சொல்லி அதைக் கழற்றி அலுமாரியில் வைத்தவள் ஜசிந்தா. அவன் சிரித்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் பாலத்தில் நாய் குறுக்கே பாய்ந்தது.

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. கோயிலில் முழந்தாளிட்டாலும் சொல்லாமல்தான் எழுந்து வருவாள்.

ஒரு பின்னேரம் ஜசிந்தா வேலையால் வந்தபோது, டெனிஸ்ரன் "பிழை, பிழை" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டிருந்தான். தையல் போட்ட இடத்திலேயே அடி விழுந்தது. தமக்கை அவன் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். ஜசிந்தாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மச்சாள், இனி அவரை ஏசாதேங்கோ. அவர் ஹெல்மெட் போட்டவர். நான்தான் கழட்டி வைச்சனான்."

மேரிஜோசப்பின் தம்பியின் கையை அவன் மடியில் வைத்துவிட்டு எழும்பினாள்.

"நான் இவ்வளவு நாளும் அவனை ஏச, நீர் கேட்டுக்கொண்டு நிண்டனீரோ?"

"ஓம்."

ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஜசிந்தா நாளைக்கும் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று வேலையிடத்திலிருந்து சொன்னார்கள். பகலில் அவனைப் பார்க்க ஒராள் கிடைக்குமா என்று அயலில் கேட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் தங்கள் பாடு இருந்தது. ஆனாலும் சொன்னதை நினைத்து அவள் வருந்தவில்லை. அன்று இரவுதான் பதினொரு மாதத்துக்குப் பிறகு ஒழுங்காகச் செபம் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை படலை திறந்தது. மேரிஜோசப்பின் ஜசிந்தாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து தம்பியின் முன்னால் நிலத்தில் இருந்தாள். அவளைக் கண்டதும் அவன் குனிந்தான்.

"பிழை" என்றான்.

"இல்லையடா தம்பி. உன்னில ஒரு பிழையும் இல்லை."

அவன் திரும்பவும் அதையே சொன்னான். பழகிய சொல் அவனை விட்டுப் போகவில்லை. இனிப் போகுமோ தெரியாது. அவன் சொல்லச் சொல்ல, அவளும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே அவன் முதுகைத் தடவினாள்.

கொண்டுவந்த புட்டுப் பொட்டலங்கள் இரண்டில் ஒன்றை அவள் கதிரையில் வைத்து ஜசிந்தாவின் பக்கம் தள்ளினாள். முகத்தை மட்டும் இன்னும் திருப்பவில்லை.

"பஸ் வரப்போகுது" என்றாள். "வேலைக்குப் போம்."