வரிசைக் கோப்பின் சொந்தக்காரி

வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. இருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மென்பொருள் எழுதப் போகிறேன் என்று நின்ற நாளிலிருந்து சொந்தக்காரர்கள் அந்தப் பெயரைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கண் மருத்துவமனையில் நோயாளிகளை எண் சொல்லிக் கூப்பிடப்போகும் மென்பொருள் அவள் எழுதியது. அதில் பதிவுசெய்திருக்கும் குரலும் அவளுடையதே.

இன்றுதான் அது ஓடப்போகும் முதல் நாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, முதல் எண்ணை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பா. தையல்காரர். கண் பரிசோதனையெல்லாம் சும்மா ஒரு சாக்கு. மகளின் குரல் தன்னைக் கூப்பிட வேண்டும், அதை நாலு பேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் மனிதருக்கு.

அந்தக் குரல்தான் வரவில்லை. நோயாளிகளைப் பதிவுசெய்யும் கவுண்டர் அக்கா தன் பெயரில் கணினிக்குள் போய் மென்பொருளைத் திறந்தால், திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. வாலு தன் பெயரில் போய்த் திறந்தால் சமர்த்தாக ஓடியது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தாள். அதே கதை.

"உன்னைக் கண்டா ஒழுங்கா வேலை செய்யுது, என்னைக் கண்டா ஓடிப்போயிடுது. நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள் கவுண்டர் அக்கா.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "நேத்து ஆபரேஷன் பண்ணவருக்குக் கட்டுப் பிரிச்சிட்டிருக்கேன். அது முடியறதுக்குள்ள சரியாகலைன்னா பழையபடி கையால எழுதற சீட்டுதாம்மா. இதை நீ எடுத்துட்டுப் போயிடு."

பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் நடந்து போவதா? செத்தாலும் மாட்டேன் என்று வாலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பிழைப் பதிவைத் திறந்தாள். ஒரே ஒரு வரி: வரிசைக் கோப்பில் எழுத அனுமதி இல்லை. அடுத்து யார் என்பதை அந்தக் கோப்பில்தான் மென்பொருள் எழுதி வைக்கும். எழுத முடியாவிட்டால் படுத்துவிடும். கோப்பு யாருக்குச் சொந்தம் என்று பார்த்தாள். அவளுக்கே. உருவானது, நேற்றுச் சாயங்காலம்.

அட, நம்ம வேலைதானா என்று தலையில் கைவைத்தாள்.

நேற்று எல்லாவற்றையும் பொருத்தி முடித்த நேரம், அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். "ஒரு தடவை ஓட்டிக் காட்டேன், பாத்துட்டுப் போறேன்" என்றார். அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தன்னுடைய அட்மின் அதிகாரத்திலேயே திறந்து காட்டிவிட்டாள். முதல் தடவை திறக்கும்போதுதான் அந்தக் கோப்பு உருவாகும்; திறந்தவருக்கே சொந்தமாகும். அது அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. மறுபடி நிறுவியபோதும் அது அசையாமல் கிடந்திருக்கிறது. பெருமை தாங்காமல் செய்த காரியம்.

டாக்டர் கையைத் துடைத்தபடி வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "அவ்வளவுதானே? உன் பாஸ்வேர்டை அக்காகிட்ட குடுத்துடு. வேலை முடிஞ்சது."

"அது முடியாது டாக்டர். என் பேர்ல போனா எல்லா நோயாளிங்க ரெக்கார்டையும் அழிக்கலாம். அக்காவுக்கு வேண்டியது இந்த ஒரு ஃபைல்ல எழுதற பர்மிஷன். அதை மட்டும் குடுக்கறேன்."

"அப்ப இது யார் தப்பு?"

"என்னோடதுதான். நேத்து நான் தொறந்திருக்கக் கூடாது."

பெஞ்சில் அப்பா நெளிந்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அனுமதியை மாற்றிவிட்டு எழுந்துகொண்டாள். "இப்ப உங்க பேர்ல போங்கக்கா."

திறந்தது. திறந்தபடியே நின்றது. டாக்டர் திரையைப் பார்த்தார். "நானே கேட்டும் பாஸ்வேர்டைக் குடுக்கலை நீ. இது இங்கயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூடம் முழுக்க வாலுவின் குரல் கேட்டது: "எண் ஒன்று, உள்ளே வாருங்கள்."

அப்பா அசையவில்லை. சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துகொண்டார்.

"ஐயா, உங்க நம்பர்தான். காதுல விழலையா?" என்றாள் கவுண்டர் அக்கா.

"விழுந்துச்சும்மா, நல்லாவே விழுந்துச்சு. ஆள் வரலைன்னா இன்னொரு தடவை கூப்பிடும்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா. கூப்பிடட்டும்."