முனியய்யா பாட்டில்

பாட்டிலைப் பார்த்ததும் பொன்னாயி முதலில் செருப்பைக் கழற்றினாள். பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய மகன் நல்லதம்பி சரக்குக் கப்பலில் சமையலுக்கு ஒத்தாசையாக இருப்பவன். லீவில் வந்தவன் தகரப் பெட்டியைத் திறந்து, பனியன்களுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த அந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். உள்ளே சிவப்பாக ஏதோ மின்னியது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு செக்கச்சிவந்த முகம். பிதுங்கிய கண், முறுக்கிய மீசை, கடைவாயில் ஒரு சொட்டு ரத்தம்.

"நம்ம முனியய்யாடா!" என்றாள் பொன்னாயி.

"கொம்பு இருக்கேம்மா."

"கொம்பு இல்லடா அது. உருமாலோட முடிச்சு."

நல்லதம்பிக்குச் சிரிப்பு வந்தது. கப்பல் போன நாட்டில் பேய்களுக்கென்று ஒரு திருவிழா உண்டாம். அதற்காகவே வருடத்தில் ஒரு தடவை இந்தச் சிவப்பு பீரைப் போடுவார்களாம். "திறந்தா புஸ்ஸுன்னு ரெத்தமா பொங்குமாம். கடைக்காரன் கையக் கையக் காட்டிச் சொன்னான்" என்றான்.

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. நடுக்கடலில் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டபோது, சமையற்கட்டுத் தூணைக் கட்டிப்பிடித்தபடி அவன் வேண்டிக்கொண்டான். 'முனியய்யா, கரை சேர்த்து விடு. கால் வைக்கிற ஊர்ல கிடைக்கிறதை வாங்கியாந்து உனக்குப் படைக்கிறேன்.' கால் வைத்த ஊரில், முதல் கடையின் முதல் அடுக்கில், முனியய்யாவே உட்கார்ந்திருந்தால் அவன் என்ன செய்வான்?

செவ்வாய்க்கிழமை படையல், வியாழக்கிழமை அரியலூரில் ரயிலேறி மெட்ராஸ், அங்கிருந்து கப்பல் என்று ஏற்பாடு ஆயிற்று. அதுவரை பாட்டிலை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

வேப்பந்தட்டையைச் சுற்றி ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்திருந்த காலம் அது. பொன்னாயியின் புருஷன் செல்லப்பன், முன்னொரு படையலுக்கு வாங்கி வைத்த சாராயத்தை முந்தின நாளே தீர்த்துவிட்டு, சாமிக்கு முன்னால் காலி பாட்டிலோடு நின்றவர். இப்போது மூலையில் உட்கார்ந்து பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள வூட்டுல இருக்கட்டும்" என்றாள் பொன்னாயி. "இந்தக் குடும்பத்துல அவரு ஒருத்தருதான் தொடமாட்டாரு."

மகள் அம்சவள்ளி அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பெருமையை மறைக்க அவளுக்கு அது ஒன்றுதான் வழி. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. அப்பா எந்தத் திண்ணையில் விழுந்து கிடக்கிறாரோ என்று தேடிப் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கு, பொழுது சாய்ந்ததும் நேராக வீட்டுக்கு வந்து காபி கேட்கிற புருஷன் கிடைத்திருந்தான். அவள் பாட்டிலைத் துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு எறையூருக்கு பஸ் ஏறினாள்.

அவளுடைய புருஷன் இராமலிங்கம் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் வேலை பார்த்தான். வாசலில் மைல் கணக்கில் வண்டிகள் நிற்கும். கையை நீட்டினால் கரும்பு. ஆனால் ஒரு துண்டு ஒடித்துத் தின்றான் என்று யாரும் சொன்னதில்லை. "இராமலிங்கம் சாருக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்காய்யா?" என்று கூட வேலை செய்யும் பிச்சைமுத்து கேலி செய்வான். கல்யாணத்தின்போது நண்பர்கள் கொடுத்த பீர் விருந்தில் கோலி சோடா குடித்துவிட்டு எழுந்து வந்தவன் என்று அந்தக் கதையையும் அடிக்கடி எடுத்துவிடுவான்.

அம்சவள்ளி தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த ஈர மணலில் பாட்டிலைப் பாதி புதைத்து வைத்தாள். சூடு பட்டால் வெடித்துவிடும் என்று தம்பி எச்சரித்திருந்தான். இராமலிங்கம் தண்ணீர் மொள்ளக் குனியும்போதெல்லாம் அந்தச் சிவப்பு முகம் அவனைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாவிடிக்க அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியான வெயில். தண்ணீர் குடிக்கப் போனவன் பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தான். ஆலையில் பாகு இறுகுவதற்குச் சற்று முன்னால், கண்ணாடி வழியே தெரியும் அதே நிறம். எப்படித்தான் மணக்கும் என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தான். அந்த நினைப்பில் அவனுக்குத் தப்பு தெரியவில்லை. கரண்டிக் காம்பால் மூடியின் விளிம்பை லேசாக நெம்பினான்.

புஸ்ஸென்று மூடி பறந்தது. நுரை பொங்கி விரல்மேல் வழிந்து வேட்டியில் கொட்டியது. சாமிக்கு வைத்தது தரையில் சிந்துகிறதே என்ற பதற்றத்தில் அவன் செய்தது ஒன்றுதான். சட்டென்று குனிந்து பாட்டிலில் வாயை வைத்தான்.

நுரை அடங்கியது. வாயை எடுத்தபோதுதான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. எச்சில் பட்டுவிட்டது. வாய் வைத்ததை இனிமேல் முனியய்யாவுக்குப் படைக்க முடியாது. ஒரு வாயானாலும் எச்சில், ஒரு பாட்டிலானாலும் எச்சில்.

அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து மிச்சத்தையும் குடித்தான். அவசரப்படாமல் ருசித்துக் குடித்தான். பின்னால் அவன் நெஞ்சை அறுத்தது அந்த நிதானம்தான்.

பாட்டில் காலியானதும் பயம் வந்தது. டீத்தூளைக் கொதிக்க வைத்து, வெல்லம் போட்டு, துணியில் வடிகட்டி, ஆறவிட்டு ஊற்றினான். நிறம் ஏறக்குறைய வந்தது. மூடியை வைத்து, மேலே துணியைப் போட்டு, அம்மிக் குழவியால் தட்டினான். மணலில் பழையபடி புதைத்துவிட்டு வேட்டியைத் துவைத்துப் போட்டான். சாயங்காலம் வந்த அம்சவள்ளி கொடியில் தொங்கிய வேட்டியைப் பார்த்தாள். "நீங்க எதுக்குங்க துவைச்சீங்க? நான் வரமாட்டனா?" என்று கேட்டுவிட்டு, பானையடியில் குனிந்து பாட்டிலைப் பார்த்துக் கும்பிட்டாள். இராமலிங்கம் முகம் கழுவப் போனான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மலையடிவாரத்தில் இலுப்பை மரத்தின் கீழ் நட்டிருந்த வேலுக்கு முன்னால் இலை விரித்தார்கள். கறிக்குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, சாராயம். நடுவில் அந்தச் சிவப்பு பாட்டில். செல்லப்பனின் அண்ணன் அரியமுத்துதான் பூசாரி. சூடம் காட்டிவிட்டு பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க, பொங்கும்" என்றான் நல்லதம்பி. அவன் முகம் சின்னப் பிள்ளையுடையது போல விரிந்திருந்தது.

அரியமுத்து பல்லால் கடிக்கப் போனார். கடிக்க வேண்டியிருக்கவில்லை, மூடி கையோடு வந்துவிட்டது. சத்தமே இல்லை. கொட்டாங்குச்சியில் ஊற்றினார். பழுப்பாக, கலங்கலாக, அடியில் தூள் கட்டியபடி இறங்கியது.

"நுரை எங்கடா?"

நல்லதம்பி கொட்டாங்குச்சிக்குள் எட்டிப் பார்த்தான். "பொங்கும்னானே பெரியப்பா... கண்ணு முன்னாடி அடுக்குலேர்ந்து எடுத்துக் குடுத்தானே..."

பொன்னாயி தலையில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள். "ஏத்துக்கலடா. சாமி உன் படையலை ஏத்துக்கல. நீ கப்பலுக்குப் போவ வேணாம். எனக்கு இருக்கிறது ஒரே ஆம்பளப் புள்ள. போவ வேணாம்!"

"போவலன்னா வேலையே போயிரும்மா!"

"போவட்டும். உசிரு இருக்கும்ல?"

இராமலிங்கம் கூட்டத்தின் ஓரத்தில், துண்டின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றான். ஊற்றியது டீ என்று இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊர் நினைத்துக்கொள்ளும் என்றுதான் இரண்டு நாளாகத் தன்னைத் தேற்றி வைத்திருந்தான். மைத்துனனின் பிழைப்பு அதில் மாட்டும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

இலைக்குப் பக்கத்தில் நின்ற அம்சவள்ளி கொட்டாங்குச்சியை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோனாள். சுக்கு மணத்தது. அவள் வீட்டு டீத்தூளில் சுக்கை இடித்துக் கலந்து வைப்பது அவள் வழக்கம். நிமிர்ந்து இராமலிங்கத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கொடியில் தொங்கிய வேட்டி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"அம்மா, அழாத" என்றாள். "சாமி குத்தமில்ல. நான்தான்... தண்ணி மொள்ளும்போது கை பட்டு மூடி தெறிச்சிருச்சு. எல்லாம் கொட்டிருச்சு. பயந்துகிட்டு டீத்தண்ணிய ஊத்தி வச்சேன்."

பொன்னாயி எழுந்து வந்து மகளின் தோளில் ஓங்கி அறைந்தாள். "பாவி! தம்பி உசிரோடயாடி வெளையாடுற? இதுக்காடி உன்னை நம்பிக் குடுத்தேன்?" இன்னொரு அடி முதுகில் விழுந்தது. அம்சவள்ளி நகரவில்லை. அழவும் இல்லை.

அந்த இரண்டாவது அடி விழும்வரை இராமலிங்கம் பேசாமல்தான் இருந்தான். பேசாமல் இருந்தது மட்டுமில்லை. அவள் சொன்னது போதும், இதோடு முடிந்துவிடும் என்று அவன் நெஞ்சின் ஒரு மூலை மூச்சு விட்டது. அந்த மூச்சைத் தானே கேட்டதும் அவனுக்குக் காது இரண்டும் எரிந்தன.

"அவளை அடிக்காதீங்க அத்தை" என்றான். "அவ ஒண்ணும் பண்ணல. நான்தான் குடிச்சேன்."

யாராவது திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பொன்னாயி ஓங்கிய கையைக் கீழே இறக்கி, முந்தானையைச் சரி செய்துகொண்டாள். மாப்பிள்ளையைத் திட்டும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவனைப் பார்க்காமல் இலையைப் பார்த்தாள்.

செல்லப்பன்தான் பேசினார். அன்றைக்கு அவர் ஒரு சொட்டும் தொடாமல், குளித்து, திருநீறு பூசி வந்திருந்தார்.

"எனக்குப் பயந்துதான் மாப்ள உங்க வூட்டுல குடுத்து வச்சாங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதனாலேயே இராமலிங்கத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இப்ப என்ன பண்றது பெரியப்பா?" என்று கேட்டான் நல்லதம்பி.

அரியமுத்து வேலையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமிக்கு வந்தது மாப்ள வாய்க்குள்ள போயிருச்சு. வேற என்னத்தைப் படைக்கிறது? இங்க வாங்க மாப்ள. சட்டையக் கழட்டுங்க. எப்படி இருந்துச்சுன்னு சாமிகிட்ட சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லணும்."

"சொல்றதா?"

"ருசி உங்களுக்குத்தானே தெரியும்? அதாச்சும் போய்ச் சேரட்டும்."

இராமலிங்கம் சட்டையைக் கழற்றினான். இத்தனை பேருக்கு முன்னால், மாமனார் வீட்டு ஆட்களுக்கு நடுவே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலின் முன் நின்றான்.

"நல்லா... இருந்துச்சு" என்றான்.

"இப்படிச் சொன்னா சாமிக்கு என்ன விளங்கும்?"

அவன் எச்சிலை விழுங்கினான். "முதல்ல நுரை. கறந்த பால் நுரை மாதிரி திக்கா. பால்னு நினைச்சா கசந்துச்சு. அது போனதும் ஒரு இனிப்பு. வெல்லம் காய்ச்சுற கொப்பரையில அடி தீயுமே, அதைச் சுரண்டி வாயில போட்டா வருமே, அந்த இனிப்பு. கூடவே சுட்ட ரொட்டியோட வாசம்."

யாரோ பின்னால் நாக்கைச் சப்புக் கொட்டினார்கள். யாரோ அதட்டினார்கள்.

"அப்புறம்?"

"நடுவுல லேசா புளிப்பு. இலந்தப்பழம் காஞ்சு சுருங்குனா இருக்குமே, அப்படி. முழுங்குன பிறகு அடிநாக்குல திரும்பவும் கசப்பு. வேப்பம்பூ ரசம் மாதிரி, நல்ல கசப்பு. கடைசியில காதுக்குக் கீழ சூடா..." அவனால் முடிக்க முடியவில்லை. இவ்வளவும் நினைவில் இருக்கிறதே என்று கூசியது. கொஞ்சம் மறந்திருக்கலாம்.

"மாமா" என்றான் நல்லதம்பி. "பொங்குச்சா?"

"பொங்குச்சு மாப்ள. கையெல்லாம், வேட்டியெல்லாம். புஸ்ஸுன்னு."

நல்லதம்பி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியாம்மா? பொங்கியிருக்கு. நல்ல சரக்குதான்."

பொன்னாயி மூக்கைச் சிந்தி, வேலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். "வியாழக்கெழம போயிட்டு வா" என்றாள். பிறகு இலையிலிருந்த சாராய பாட்டிலை எடுத்தாள். பூசை முழுதும் முடிந்து பங்கு வைக்கும்வரை அதை யாராவது கையில் வைத்திருக்க வேண்டும். போன தடவை இராமலிங்கத்தின் கையில்தான் கொடுத்தாள். இப்போது அவனைத் தாண்டிப் போய், செல்லப்பனிடம் கொடுத்தாள். செல்லப்பன் இரண்டு கையாலும் வாங்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். அம்சவள்ளியின் இடுப்பில் படையல் கறி இருந்த தூக்குவாளி. இராமலிங்கம் வாங்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும். நானே வச்சுக்கிறேன்" என்று அவள் அதை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

எறையூர் பஸ் வந்தது. இருவருக்கும் சேர்ந்தே இடம் கிடைத்தது. வாலிகண்டபுரம் தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தோளில் அம்மாவின் விரல்கள் பட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. அவன் அதைப் பார்ப்பதும், பார்வையை எடுப்பதுமாக இருந்தான்.

"வேப்பம்பூ ரசம்னீங்களே" என்றாள் திடீரென்று, திரும்பாமலே. "எங்கம்மா வைக்கிறதா? நான் வைக்கிறதா?"

"நீ வைக்கிறது."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியிலிருந்த தூக்குவாளி சாய்ந்தது. அவன் கை தன்னையறியாமல் முன்னால் போய், தொடுவதற்கு முன் நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வாளியை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.