சிலுவை செதுக்கிய நிலை

பின்கட்டில் புதுச் சமையலறையும் குளியலறையும் கட்டினாலும், தஞ்சாவூர் வீட்டின் பழைய களை போய்விடக்கூடாது என்பதில் இருதயம்மாள் பிடிவாதமாக இருந்தாள். தூண்களைத் தொடவிடவில்லை. புதுச்சுவருக்கும் சுண்ணாம்புக் காரைதான். வாசல் நிலையும் பழையதாகவே வேண்டுமென்று கொத்தனார் ஐயாவுவைக் கும்பகோணத்து மரக்கடைகளுக்கு அனுப்பியிருந்தாள்.

இன்று பத்தரைக்குள் நிலை வைத்தாக வேண்டும். மந்திரிக்கப் பங்குச் சாமியாரும் வருகிறார்.

வண்டியிலிருந்து இறக்கிய நிலையை ஐயாவு துண்டால் துடைத்தார்.

"பாருங்கம்மா, தாமரைக்கு நடுவுல சிலுவை! உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு, தூக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப சாமியாருக்கு வேலையே இல்லைன்னு சொல்லு" என்று சிரித்தார் கணவர் பெரியநாயகசாமி.

அவள் சிரிக்கவில்லை. சிலுவையின் இடது கை ஒரு விரற்கடை குட்டை. அன்று செதுக்கும்போது ஆசாரியின் உளி வழுக்கிவிட்டது. "இருக்கட்டும், ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்று அப்பா விட்டுவிட்டார். அவள் பிறந்த சீர்காழி வீட்டு நிலை. அம்மா இருக்கும் வீடு.

நில உச்சவரம்பு, கூலித் தகராறு என்று சொல்லி நஞ்சையை விற்றபோதும், வீட்டைத் தொடமாட்டேன் என்று அண்ணன் குழந்தைராஜ் சத்தியம் செய்திருந்தான். மாசியில் வந்த கார்டில்கூட, 'அம்மா கூடத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்கிறாள்' என்று எழுதியிருந்தான்.

"இதை எப்பப் பேத்தாங்களாம்?" என்று கேட்டாள்.

"தை பொறந்ததுமேங்கம்மா. வீட்டையே இடிச்சாச்சாம்."

"அங்க வயசான அம்மா ஒருத்தங்க..."

"ஆமாங்க, கடைக்காரரு சொன்னாரு. கழட்டி முடிக்கிறவரைக்கும் கிட்டவே நின்னாங்களாம். 'சிலுவையில உளி படாம எடுங்கப்பா'ன்னாங்களாம். அப்புறம் ஒரு பையோட மாதாகோயில் வராந்தாவுல போய் உக்காந்துட்டாங்களாம். பாவம், யாரு பெத்த தாயோ."

பெரியநாயகசாமியின் சிரிப்பு நின்றது.

தையிலிருந்து இன்றுவரை அம்மாவுக்கு நான்கு கடிதங்கள் போட்டிருந்தாள். தூணைக் காப்பாற்றினேன், கூரை ஓடுகளைக் காப்பாற்றினேன் என்று நான்கிலும் பெருமை. அவற்றைத் தபால்காரர் எந்த வாசலில் கொடுத்தார்? யார் படித்துக் காட்டினார்கள்?

"இருதயம், சாமியார் வந்துரட்டும். மத்தியானம் ரெண்டு பேருமா சீர்காழிக்குப் போவோம்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. சாமியார் இறங்கி ஆசீர்வதிக்கக் கை உயர்த்துவதற்குள் அதில் ஏறி உட்கார்ந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போப்பா."