முப்பத்து மூன்றாவது பிறந்தநாள்

கேக் பெட்டி வேனில் ஏறிப் போன பிறகுதான் பேக்கரிக்காரி சுவரில் சாய்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். காலையிலிருந்து குனிந்தே நின்றதில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கட்சிக்கொடியின் நிறங்களைக் கிரீமில் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையா? ஒரு சொட்டுச் சாயம் கூடினால் எதிர்க்கட்சிக் கொடியாகிவிடும்.

ஆர்டர் கொடுக்க வந்த இளைஞர் அணிப் பையன்கள், "அண்ணன் பேரும் வயசும் பெருசா வரணும்க்கா" என்றார்கள். எத்தனை வயது என்று அவள் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவர்களுடைய அண்ணனும் அவளும் ஒரே வகுப்பு, பிறந்தநாளும் ஒரே வாரம். எந்நேரமும் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவனுக்கு மூக்கன் என்று பெயர் வைத்ததே இவள்தான். இப்போது அவன் மாவட்ட இளைஞர் அணித் தலைவன். போகிற வழியில் கார் கண்ணாடியை இறக்கி ஒரு சிரிப்பு சிரிப்பான், அவ்வளவுதான். போன வாரம்கூட இன்னொரு வகுப்புத்தோழன் கடைக்கு வந்திருந்தான். பள்ளியிலேயே அவனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து மைக்செட் கடை போட்டிருக்கிறான், பெயருக்கேற்ற பிழைப்பு. "பழைய ஆளுங்க எல்லாரையும் பிடிச்சு ஒரு நாள் உக்காரணும்" என்று கடை அதிரச் சிரித்துவிட்டுப் போனான்.

அவள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "தெரு முழுக்க போஸ்டர். மூக்கனுக்கு முப்பத்து மூணாவது பிறந்தநாளாம். நமக்கெல்லாம் வயசு ஏறுது, அவனுக்கு மட்டும் இறங்குது."

டம்ளர் அவள் வாயருகிலேயே நின்றுவிட்டது. "நான் நாப்பத்து மூணுன்னு போட்டுட்டேன்."

அவர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தார். "அடிப்பாவி. அது இளைஞர் அணி. முப்பத்தஞ்சு தாண்டினா வெளிய தள்ளிடுவாங்க. இன்னைக்கு தலைமையிலேர்ந்து ஆள் வர்றதே அவனுக்குப் பெரிய பதவி கொடுக்கத்தான். வேலில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே."

போன வருஷம் இந்த வயது விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிப் போட்ட அச்சகக்காரர் இன்று கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அடுத்த வாரமே அவர்கள் படித்த பள்ளியின் அலுவலக அறை பழைய பதிவேடுகளோடு எரிந்தது. மின்கசிவு என்றார்கள். மின்கசிவுதான் என்று ஊரும் சொல்லிக்கொண்டது. அவள் கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்னால் நாலு காஸ் சிலிண்டர். பையன்களுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. நான் போகிறேன் என்று எழுந்த கணவரைப் பிடித்து உட்காரவைத்தாள். "உங்களைன்னா யோசிக்காம அடிப்பானுங்க. என்னைன்னா கொஞ்சம் யோசிப்பானுங்க." கிரீம் பையையும் கத்தியையும் கூடையில் போட்டுக்கொண்டு நடந்தாள். ஓடினால் யாராவது பார்த்துவிடுவார்களே என்று ஓடவில்லை.

மண்டப வாசலில் கழுத்துத் துண்டு போட்ட பையன் மறித்தான். "ஒரு பூ விட்டுப்போச்சு தம்பி, வச்சுட்டுப் போயிடறேன்" என்றாள். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. அவன் மேடைக்குப் பின்னாலிருந்த அறையைக் காட்டினான்.

அறையில் தலைவன் தனியாக நின்றிருந்தான். பெட்டி திறந்திருந்தது.

"கதவைச் சாத்து" என்றான் திரும்பாமல். சாத்தினாள்.

"யார் சொல்லி எழுதின?"

"யாரும் சொல்லல. நம்ம வயசுதானேன்னு கை அது பாட்டுக்கு எழுதிடுச்சு. மன்னிச்சிடுங்க." டேய் என்று கூப்பிட்டுப் பழகிய வாய், நீங்க என்றது.

"யாரெல்லாம் பாத்தாங்க?"

"நான் மட்டும்தான்." வீட்டுக்காரர் பேச்சை விழுங்கிவிட்டாள்.

"மாத்து."

நாலை வழித்தெடுத்தாள். அடியில் சாயம் படிந்திருந்தது, அதன்மேல் வெள்ளைக் கிரீமைத் தடவினாள். மூன்றின் வால் கோணிக்கொண்டது, அதையும் வழித்து மறுபடி எழுதினாள். அவன் தோளருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். சாயம் பூசிய முடியின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. மேலுதடு வியர்த்திருந்தது. மூக்கை ஒருமுறை உறிஞ்சினான், அதே பழைய உறிஞ்சல். இவனும் பயந்துபோயிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அது தெரிந்ததும் அவள் பயம் இரட்டித்தது. பயந்தவன் எதையும் செய்வான்.

"நம்ம கிளாஸ் ஆளுங்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?" நலம் விசாரிப்பவன் போல மெதுவாகக் கேட்டான்.

ஸ்பீக்கரின் சிரிப்பு அவள் காதில் கேட்டது. "யாருமில்ல. எல்லாரும் வெளியூர் போயிட்டாங்க. நான் ஒருத்திதான் மிச்சம்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

கதவைத் தட்டினார்கள். தலைமையிலிருந்து வரவேண்டியவர் வந்துவிட்டார். பையன்கள் கேக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, அவன் அவள் முழங்கையைப் பிடித்தான். "நீயும் வா. மேடையில என் பக்கத்துல நில்லு." பிடி இறுக்கமாக இல்லை, ஆனால் விடவும் இல்லை.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். தலைமைக்காரர் கேக்கைப் பார்த்துப் புன்னகைத்தார். முப்பத்து மூன்று ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அவள் மூச்சை விட்டாள்.

மேடை ஓரத்தில் ஒயர்களுக்கு நடுவே குனிந்திருந்தவன் அப்போதுதான் நிமிர்ந்தான். ஸ்பீக்கர். அவளைப் பார்த்தான். அவள் முழங்கையைப் பிடித்திருந்தவனைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது. அவன் கையிலிருந்த மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வேண்டாம் என்று அவள் கண்ணால் சொன்னாள். தலையை ஒரு நூலளவு ஆட்டினாள், அதற்குமேல் ஆட்டினால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். அவள் வெட்கப்படுகிறாள் என்று நினைத்திருப்பான் போல, இன்னும் அகலமாகச் சிரித்தபடி மைக்கை வாயருகே கொண்டுபோனான். அவள் கைக்குள் நசுங்கிய கிரீம் பையிலிருந்து வெள்ளை, பாதத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.