அக்கா பார்த்திருக்க வேண்டிய வானம்

குடோன் கூரையைப் படமெடுத்துக்கொண்டிருந்த ட்ரோன்மீது பருந்து ஒன்று மோதியது. ஓட்டிக்கொண்டிருந்தவள் தங்கை. பக்கத்தில் நின்று வானத்தைக் கவனித்துக் குரல் கொடுக்க வேண்டியவள் அக்கா. கம்பெனி அக்கா புருஷனுடையது. தங்கை குடியிருந்ததும் அவர்கள் வீட்டு மாடியில்தான்.

கீழே லோடு இறக்குகிறவர்கள் கூட்டமாக நின்றார்கள். சாலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பது விதி. தள்ளாடிய ட்ரோன் அந்தக் கூட்டத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் அதைச் சாலைப் பக்கம் திருப்பினாள். பைக்கில் வந்த ஒருவரின் தோளில் விழுந்து எலும்பை முறித்தது.

ஆபத்து வேளையில் விதியை மீறலாம். ஆனால் யாருக்காவது பலத்த அடி பட்டால், குறிப்பிட்ட கெடுவுக்குள் விமானத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

"தெரிவிக்காத," என்றார் மாமா. "அடிபட்டவனே வாயத் திறக்கல. நீ ஏன் வலியப் போய் மாட்டிக்கிற?"

"எலும்பு உடைஞ்சிருக்கு மாமா."

"ஆஸ்பத்திரியில நல்லாத்தானே பாத்துக்கறோம்? பர்மிட் போச்சுன்னா நாம எல்லாரும் தெருவுலதான்."

தங்கை மாடிக்குப் போய் லேப்டாப்பில் விமானத் துறையின் படிவத்தைத் திறந்தாள். பருந்து மோதியது வரைக்கும் விறுவிறுவென்று எழுதினாள். வானத்தைக் கவனிக்க வேண்டிய கண்காணிப்பாளர் அப்போது என்ன செய்தார் என்று படிவம் கேட்ட இடத்தில் கை நின்றுவிட்டது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கவனித்தாள் என்று எழுதினால் பொய். கவனிக்கவில்லை என்று எழுதினால் கூடப்பிறந்தவளைக் காட்டிக்கொடுப்பது. பாதியில் மூடி வைத்தாள். மறுநாளும் அப்படியே.

கெடு முடியப்போகும் சமயத்தில் அக்காவே மேலே வந்தாள்.

"என்னப் பத்தி எழுதப் போறியா?"

"நீ போன்ல இருந்தக்கா."

"கூப்பிட்டதே உங்க மாமாதான்டி. எடுக்கலேன்னா வீட்ல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கீழே நடப்பதை மாடியிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"அதையும் எழுதட்டுமா?"

"போன்ல இருந்தேன்னு எழுது. யாரோடன்னு வேணாம்."

அப்படியே எழுதி அனுப்பினாள்.

சாலைப் பக்கம் திருப்பியது சரிதான் என்றார்கள் விமானத் துறையினர். அக்கா இனிக் கண்காணிக்கக் கூடாது, விசாரணை முடியும்வரை கம்பெனி ட்ரோன் பறக்கவிடக் கூடாது, தங்கை அதுவரை வீடு மாறக் கூடாது என்றும் சொன்னார்கள். மாமா அவளிடம் நேரடிப் பேச்சை நிறுத்திவிட்டார்.

"உன் தங்கச்சிய அந்தக் கதவச் சாத்தச் சொல்லு," என்பார், அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு.

அக்கா சொல்ல மாட்டாள். தானே எழுந்து போய்ச் சாத்திவிட்டு வருவாள்.